அஷ்டமி நிலவு

சூடாமணி வீட்டுக் கொலுவுக்கு வலியசாலைப் பெண்கள் வருவது பொம்மைக்காக அல்ல. பொம்மை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. துர்காஷ்டமி சாயங்காலம் அவள் மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைத்துப் பாதி நிலவைக் காட்டுவாள், அதற்காகத்தான் வருவார்கள். பாதி நிலவில்தான் நிழல் விழும், குழி தெரியும், பௌர்ணமி நிலவு வெறும் தோசை என்று அவள் சொல்லச் சொல்லத் தெருவே வாயை மூடிக்கொண்டு கேட்கும். மற்ற நாளெல்லாம் பேசுகிறவர் அவள் வீட்டுக்காரர் அனந்தபத்மநாபன். இந்த ஒரு மாலைதான் அவளுடையது.

இந்த வருஷம் அவளுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. தனியாக டாக்டரிடம் போய்த் தெரிந்துகொண்டு வந்தவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் வீட்டுக்காரர் மாடிப்படி ஏற விடமாட்டார். மனப்பாடமான நிலவுக்குக் கண் எதற்கு என்று துணிந்துவிட்டாள்.

அவள் டம்ளருக்கு வெளியே காப்பியை ஊற்றிய அன்றே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்ததை உடனே சொல்லிவிடுகிற மனுஷரா அவர்? ஆள் சேரட்டும் என்று காத்திருந்தார்.

“எல்லாம் நானே வச்சாச்சு. நீ ஒண்ணையும் தொடாதே, அசைஞ்சுடும்,” என்றார் மாடியில். எதிர்வீட்டு மீரா முதலில் பார்த்துவிட்டு நகர்ந்தாள். “சூடாமணி, டைக்கோக் குழி எங்கே இருக்குன்னு பார்த்து இவளுக்குச் சொல்லேன்,” என்றார் அவர்.

சூடாமணி குனிந்தாள். கலங்கிய கஞ்சி மாதிரி வெளிச்சம், அவ்வளவுதான். “இதோ, மேலே ஓரத்துல. குழிக்கு நடுவுல குட்டியா ஒரு மலை,” என்றாள் கணீரென்று.

“மேலே ஒண்ணும் காணலையே மாமி. குழியெல்லாம் கீழேயாக்கும் இருக்கு,” என்றாள் மீரா.

அந்த டெலஸ்கோப் எதையும் தலைகீழாகத்தான் காட்டும். தலைகீழாகவே அவள் நிலவைப் படித்திருந்தாள். படத்தை நிமிர்த்துகிற குட்டிக் குழல் ஒன்று பெட்டியோடு வந்தது. காட்சி மங்கும் என்று அவள் அதை மாட்டியதே இல்லை. இன்றைக்கு அவர் தேடியெடுத்து மாட்டியிருந்தார்.

“கேட்டேளா? நிலாவை நிமிர்த்தி வச்சிருக்கேன், இவளுக்கு அதுகூடத் தெரியலை. கண்ணு போயாச்சு. இத்தனை நாள் ஆத்துல நடிச்சிண்டிருந்தா,” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஐயோ பாவம் என்றார்கள். அது அவளை இன்னும் மோசமாக அறுத்தது.

படியோரம் நாற்காலி போட்டு அவளை உட்கார்த்தினார்கள். டெலஸ்கோப் பக்கம் அவர் நின்றுகொண்டார்.

“ஒரு பெரிய குழி மாமா. அதுக்குள்ள சின்னச் சின்னதா நாலஞ்சு, வளைஞ்சு வரிசையா,” என்றாள் மீரா.

“அதாக்கும் டைக்கோ.”

“இல்லை! அது கிளேவியஸ்!” சூடாமணி எழுந்தேவிட்டாள். “உள்ளே வரிசையாக் குழி இருந்தா அது கிளேவியஸ்தான். டைக்கோ அதுக்குப் பக்கத்துல.”

“கண்ணு தெரியாதவா சொல்றா, எழுதி வச்சுக்கோங்கோ,” என்றார் அவர்.

மீரா வந்து அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். “போட்டும் மாமி. மாமா பார்த்தல்லவா சொல்றார்.”

அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாகக் குனிந்து பார்த்து, கிளேவியஸை டைக்கோ என்று தெரிந்துகொண்டு, சுண்டலோடு படியிறங்கினார்கள். போகிறபோது ஒவ்வொருத்தியும் அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். அத்தனை பேர் கண்ணும் அவிந்து போகட்டும் என்று நினைத்துக்கொண்டே, சூடாமணி எல்லோருக்கும் தலையாட்டினாள்.