கொலு ரயிலின் புது விளக்கு

எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வருகிறவர்கள் பொம்மை பார்க்க வருவதில்லை, ரயில் பார்க்க வருகிறார்கள். நான் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிய அறுபத்துமூவரும் செட்டியார் பொம்மையும் ஏழு படியில் நிற்க, எல்லார் கண்ணும் கீழே தரையில் ஓடுகிற ரயில் மேல்தான். சுண்டல் யார் செய்தது என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை. ரயில் யார் செய்தது என்று கேட்காதவர் இல்லை.

செய்தது என் வீட்டுக்காரர் உமாபதி. எஞ்சின் மட்டும் மூர் மார்க்கெட்டில் வாங்கிய சாவி எஞ்சின். மூன்று பெட்டிகளும் அவரே அட்டையில் வெட்டி ஒட்டியவை. ஜன்னலுக்குக் கம்பி கூட உண்டு. தறியில் உட்கார்ந்தால் நாள் முழுக்க வாய் திறக்காத மனிதர், அந்தப் பெட்டிகளோடு மட்டும் பேசுவார். பெட்டிக்கு இரண்டு டார்ச் பல்பு, இரண்டு பேட்டரி. பல்பு எரிந்தால் அழகுதான், ஆனால் சூடு. எழுபத்தேழாம் வருஷக் கொலுவில் நடுப்பெட்டியின் கூரை பழுத்துக் கருகிப் புகையே வந்துவிட்டது. வந்திருந்த பெண்கள் புடவையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

அடுத்த வருஷம் என் தம்பி முருகேசன் அதற்கு ஒரு வழி கொண்டுவந்தான். அவன் மெட்ராஸில் ஒரு ரேடியோ கடையில் வேலை செய்கிறவன்.

“மாமா, இது பேரு எல்.ஈ.டி. புதுசா வந்துக்கினு இருக்குது. சூடே ஆவாது. ஒரு தபா போட்ட பேட்டரி ஒம்போது நாளும் தாங்கும். நீள காலு பிளஸ், குட்ட காலு மைனஸ். மாத்திப் போட்டா எரியாது, அவ்ளோதான்.”

கொண்டைக்கடலை அளவில் ஆறு விளக்கு, மின்சாரத்தை மட்டுப்படுத்த ஆறு ரெசிஸ்டர். ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

அந்த வருஷம் ரயிலை விடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. நெசவாளர் சங்கம் புதிதாகச் சாயக்கூடம் ஆரம்பித்தது. அதற்கு மேஸ்திரியாக இவரைக் கேட்டிருந்தார் செயலாளர் முனிரத்தினம். நவராத்திரி எட்டாம் நாள் மனைவி நீலாம்பாளோடு கொலுவுக்கு வருவார், அன்றைக்குப் பதில் சொல்லவேண்டும். தறிப்பள்ளத்தில் கால் தொங்கவிட்டே இடுப்பு போன மனிதருக்கு, நிமிர்ந்து நின்று செய்கிற வேலை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திருக்கிறது, இவரானால் “பாக்கலாம், பாக்கலாம்” என்று இழுக்கிறார். நாலு நாளாக நான் திட்டித் தீர்த்தேன். எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

எட்டாம் நாள் பிற்பகல்தான் அவர் அந்த விளக்குகளை மாட்ட உட்கார்ந்தார். நான் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது.

“உன் தம்பி நல்லா ஏமாத்திட்டாம்மா. ஒண்ணுகூட எரியல.”

கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மடியில் முதல் பெட்டி. உள்ளே இரண்டு விளக்கும் குங்குமப் பொட்டு மாதிரி எரிந்துகொண்டிருந்தன. அவர் அதை நேராகப் பார்த்துக்கொண்டே, “காலை மாத்திப் பாக்கறேன்” என்று திருப்பிப் போட்டார். விளக்கு அணைந்தது.

“இப்பவும் எரியல.”

மறுபடி பழையபடி போட்டார். எரிந்தது.

“பாத்தியா? செத்த சாமானைக் குடுத்துட்டுப் போயிருக்கான்.”

விளையாடுகிறார் என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, மேலே கையைக் குவித்து, இருட்டாக்கிக்கொண்டு பார்த்தார்.

“எரியுதுங்க. செவப்பா எரியுது.”

“செவப்பா?”

“தெருவுல போறவனுக்குக்கூட தெரியும்.”

பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். கொலுப் படியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“எனக்கு செவப்பு தெரியாது, இந்திராணி. சின்ன வயசுலேர்ந்தே. அரக்கும் கரும்பச்சையும் எனக்கு ஒண்ணுதான். ரெண்டுமே கருப்பு மாதிரி இருக்கும்.”

பட்டு நெய்கிறவர். பன்னிரண்டு வருஷம் என்னோடு வாழ்ந்தவர். எனக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை, கோபம். காரணம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் தினமும் காலையில் பட்டு சுற்றிய தார்க்குச்சிகளைத் தறிக்குப் பக்கத்தில் அடுக்குவது என் வேலை. இடதுகைப் பக்கம் உடல் நிறம், அடுத்து கரை நிறம், கடைசியில் முந்தானை. அந்த வரிசை ஒரு விரற்கடை மாறினால் வீடே அதிரக் கத்துவார். ஆம்பளை அதிகாரம் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமான இரண்டாம் வருஷம் காய்ச்சலோடு எழுந்து மாற்றி வைத்துவிட்டேன். கரும்பச்சை உடலில் ஒரு சாண் அகலத்துக்கு அரக்கு ஏறிவிட்டது. மாமியார் முன்னால், நெய்யச் சொல்லிப் பாவு நூல் கொடுத்த முதலாளி முன்னால், தெருவே கூடி நிற்க, “இவதான் தார மாத்தி வச்சா” என்று என்னைக் கைகாட்டினார். கண் இருக்கிறவர் எடுக்கும்போதே பார்த்திருக்கமாட்டாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இந்தத் தெருவில் எனக்கு ‘தார் மாத்தினவ’ என்றுதான் பேர்.

“அப்போ அன்னிக்கு?” என்றேன்.

“ஆமா.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா எவன் பாவு குடுப்பான்?”

“நான் எவனா?”

அவர் பெட்டியை மறுபடி கையில் எடுத்தார். தேங்காய்த் துருவலைத் தூக்கி அந்தப் பெட்டிகள் மேல் கொட்டலாமா என்றிருந்தது.

“சாயக்கூடத்துக்கு இன்னா சொல்லப் போறீங்க?”

“வேணான்னு.”

“இன்னா காரணம் சொல்லுவீங்க?”

மற்ற இரண்டு பெட்டிக்கும் விளக்கை மாட்டச் சொன்னேன். எது எரிகிறது, எது எரியவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, அவர் மாட்டினார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முனிரத்தினமும் நீலாம்பாளும் வந்தார்கள். எஞ்சினுக்குச் சாவி கொடுத்ததும் ரயில் சிவப்பு ஜன்னல்களோடு படியைச் சுற்றி ஓடியது. நீலாம்பாள் கை தட்டினாள். முனிரத்தினம் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“அப்புறம், உமாபதி? இன்னா முடிவு?”

“இல்லண்ணா...” இவர் வேட்டி நுனியைத் திருகினார். “இந்திராணிக்கு இஷ்டம் இல்ல. சாயப் புகை ஒடம்புக்கு ஆவாதுன்றா.”

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீலாம்பாளின் அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பத்து வருஷமாகத் தெரியும். இவளா, இவள் இப்படித்தான் என்கிற பார்வை.

“எனக்கு இஷ்டம்தாண்ணா” என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் எல்லார் காதிலும் விழுந்தது.

“இன்னாபா இது? அவங்க ஒண்ணு சொல்றாங்க, நீ ஒண்ணு சொல்றே?” என்றார் முனிரத்தினம்.

இவர் வேட்டி நுனியை விட்டார். பிறகு ரயிலைக் காட்டினார்.

“அந்தப் பொட்டியில லைட்டு எரியுதாமேண்ணா. எனக்கு தெரியல. செவப்பே தெரியாது எனக்கு. என்னை நம்பி சாயம் ஏத்துனா உங்க பேரு கெட்டுடும்.”

முனிரத்தினம் சுண்டல் கையைக் கீழே இறக்கினார். “அப்போ இத்தினி வருஷமா நீ நெய்ஞ்ச பொடவை?”

“கை என்னுது. கலரு பாத்து வச்சது இவ. ஒரு தபா மாறிப்போச்சே, அதுகூட இவ தப்பில்ல. நான்தான் பழிய இவ மேல போட்டேன்.”

பத்து வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கேட்டால் உச்சி குளிரும் என்று நினைத்திருந்தேன். குளிரவில்லை. நாலு பேர் நடுவில் அவரை நிற்கவைத்து வேட்டியை உருவிவிட்ட மாதிரி எனக்கே கூசியது. ஆனாலும் சொன்னதை விழுங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை. இரண்டும் உண்மை.

“தறி வேலைக்கு ஒண்ணும் கொறை வராதுபா, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு முனிரத்தினம் எழுந்தார். நீலாம்பாள் வெற்றிலைபாக்கை வாங்கிக்கொண்டு அவசரமாகப் போனாள். அவள் அவசரம் எனக்குத் தெரியாதா? விடிவதற்குள் எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அன்றும் மறுநாளும் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. விஜயதசமி காலையில் தறிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு அவர் பள்ளத்தில் இறங்கினார். நான் வழக்கம்போல இடதுகைப் பக்கத்திலிருந்து தார்க்குச்சிகளை அடுக்கப் போனேன்.

“இரு. இது இன்னா கலரு?”

“அரக்கு.”

“இது?”

“கரும்பச்சை.”

“இது?”

“மாம்பழ மஞ்சள்.”

வாசல் கதவு திறந்திருந்தது. சைக்கிளில் போன பக்கத்து வீட்டுக் கலியன் குரல் கேட்டு ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். இவரும் அவனைப் பார்த்தார். கதவைச் சாத்தவா என்று நான் எழுந்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

“சொல்லும்மா, ஒடலுக்கு எது?” என்று தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டுக் கையை நீட்டினார்.