ஒரு மிஷின், இரண்டு ஓர்ப்படிகள்

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓர்ப்படிகள் இருவரும், கூடத்து ஜன்னலோரம் இருந்த ஒரே தையல் மிஷினில் முறை வைத்துத் தைத்தார்கள். மிஷின் மூத்தவளுடையது. அதை அவள் ஒருநாளும் மறக்க விட்டதில்லை.

மெத்தைக் கடைக்காரர் ஒரு விடுதிக்கு நாற்பது பஞ்சுப் போர்வை தைக்க ஆள் தேடினார். ஓர்ப்படிகள் இருவரையும் மாதிரிக்கு ஆளுக்கொரு போர்வை தைத்துக் கொண்டுவரச் சொன்னார். மேல்துணி, பஞ்சு, உள்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது, ஊசியடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் சாதாரண ஃபுட் மேல்துணியை மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு போகும். மேலும் கீழும் ஒன்றாக இழுக்கும் ஃபுட் ஒன்று மூத்தவளிடம் இருந்தது. தன் முறை முடிந்ததும் அதைக் கழற்றிப் பீரோவில் பூட்டினாள். இளையவள் வாய்விட்டே கேட்டுப் பார்த்தாள்.

"கைராசிக்காரிக்கு எதுக்கு ஃபுட்டு? கையாலயே இழுத்துத் தைச்சுக்கோ," என்றாள் மூத்தவள்.

இளையவளின் முதல் போர்வை ஒரு பக்கமாகச் சுருங்கி இழுத்துக்கொண்டது. மூத்தவள் அதை இரண்டு விரலால் தூக்கி, வாசலுக்கு மிதியடி ஆச்சு என்று மாமியாரிடம் காட்டினாள். மாமியாரும் சிரித்ததைத்தான் இளையவளால் பொறுக்க முடியவில்லை.

மிஷினோடு வந்த தகரப் பெட்டியைக் கிளறியதில், நுனியில் வளையம் வைத்த எம்பிராய்டரி ஃபுட் அகப்பட்டது. அதை மாட்டி, துணியை நகர்த்தும் பல்லைக் கீழே இறக்கிவிட்டால் கை போன பக்கம் துணி போகும். மூன்று ஊசி முறிந்தது. கையும் காலும் ஒரே வேகத்துக்கு வர நான்கு நாளானது. ஐந்தாம் நாள் கோடே போடாமல், போர்வை முழுக்கச் சுழி சுழியாக ஓட்டி முடித்தாள்.

கடைக்காரர் இரண்டு போர்வையையும் மேஜையில் விரித்தார். மூத்தவள் கட்டம் கட்டமாகத் தைத்திருந்ததில் ஒரு நூல் பிசகில்லை என்று அவரே சொன்னார். ஆனால் கட்டம் எல்லாக் கடையிலும் கிடைக்கும், இந்தச் சுழி கிடைக்காது என்று நாற்பதையும் இளையவளுக்கே கொடுத்தார். பெரியவங்க ஓரம் மடித்துத் தரலாமே என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மூத்தவள் படியிறங்கிவிட்டாள்.

இளையவள் துணிக்கட்டோடு வீடு வந்தபோது ஜன்னலோரம் காலியாக இருந்தது. மிஷின் மூத்தவளின் அறைக்குள் பூட்டிக்கிடந்தது. அண்ணனும் தம்பியும் சொல்லிப் பார்த்தார்கள். தன் பொருளைத் தான் எங்கு வேண்டுமானாலும் வைப்பேன் என்றாள் அவள். இளையவள் கெஞ்சவில்லை. மறுநாள் காலை கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கடைக்காரர் பின்னறையில் அவளுக்கென்று ஒரு மிஷின் போட்டுக் கொடுத்தார். அந்த வாரமே வீட்டில் அடுப்பு இரண்டானது.

நாற்பதும் போய்ச் சேர்ந்த பிறகு விடுதிக்காரர் இன்னும் அறுபது கேட்டார், பாதி சுழி, பாதி கட்டம். கட்டத்துக்கு அக்காவைக் கூப்பிடலாமா என்று கடைக்காரர் கேட்டார். அவளைவிட நேராகத் தைப்பவள் யாரும் இல்லை என்று இளையவளுக்குத் தெரியும்.

"அவங்க உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்."

கடைக்காரர் வேறு ஒருத்தியை வைத்துக்கொண்டார். அவளுடைய கட்டங்கள் கோணலாகவே வந்தன. இளையவள் அவற்றைப் பிரித்துப் பிரித்துத் திருத்திக் கொடுத்தாள்.