எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்

மூன்றே மூன்று தேங்காய். அதற்குத்தான் அன்று சபை வரைக்கும் போக வேண்டியதாயிற்று.

தேங்காய் வாங்கும் கொலம்பியப் படகு வருவதற்குள் உரித்தாக வேண்டும் என்று நானும் மருமகன் இனாகின்யாவும் விடிந்ததிலிருந்து எங்கள் தோப்பு உள்ள தீவில் விழுந்த காய்களைப் பொறுக்கினோம். கிழக்குக் கரை அவனுக்கு. மேற்கே, பக்கத்துத் தோப்புக்காரி மானிதிரியின் எல்லையோரம் எனக்கு. கரையில் கழி நட்டு உரித்துக்கொண்டிருந்தபோது மானிதிரியே வந்துவிட்டாள். குவியலைப் பார்த்ததும் அவள் குரல் உயர்ந்தது.

"இந்த நீளக் காயி மூணும் என் மரத்துது. தாகம்னு குடிச்சிட்டு மட்டைய அங்கயே போட்டிருந்தா யாரு கேக்கப் போறா? வாரிக்கிட்டு வந்திருக்கீங்களே! எல்லையோரம் பொறுக்குனது யாரு?"

நான் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "நான்தான் அத்தே."

"சாயங்காலம் ஊர்ச் சபையில வந்து சொல்லு!"

அவள் போனதும் கழியைப் பிடுங்கி எறிந்தேன். "எதுக்குடா பொய் சொன்ன?"

"காலைல ஆமை ஓட்டத் தேங்காய்னு தூக்குனீங்களே, பாத்தேன். கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா உங்களத் தோப்புக்கு விடுவாங்களா? வீட்டுல உக்காந்து நாள் பூரா என்னத் திட்டுவீங்க. யாரால தாங்க முடியும்?"

சிரிப்பு வரவில்லை எனக்கு. கல்யாணமாகி இரண்டு மாதம். அதற்குள் இரண்டு முறை தொங்குபடுக்கையைச் சுருட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு ஓடியவன். அதெல்லாம் எங்கள் ஊரில் மாமனார் வீட்டோடு வாழ வந்த புதுமாப்பிள்ளைகள் செய்கிற கூத்துதான், பிடித்து வந்துவிடலாம். திருடன் என்று சபையில் பெயர் விழுந்தால் யார் போய்ப் பிடித்து வருவது? என் மகள் கதி என்ன? மத்தியானம் மீன் குழம்பை அப்படியே மகள் பக்கம் தள்ளினேன்.

சபையில் தலைவர் கூப்பிட்டார். "இனாகின்யா, எந்திரி."

அவன் எழுந்தான். நானும் கூடவே எழுந்தேன்.

"உக்காருடா!" என்று கத்தினேன். "பொறுக்குனது நான். எல்லைக் கல்லு எனக்குத் தெரியல. தலைவரே, இப்ப உங்க மூஞ்சியும் தெரியல."

மானிதிரிதான், "அட கெழவா, இத அப்பவே சொல்றதுக்கு என்ன?" என்றாள்.

மறுநாள் என்னை வீட்டில் விட்டுவிட்டு அவன் தனியாகப் படகைத் தள்ளினான். துடுப்புச் சத்தம் தேய்ந்தது.

"தோப்புப் பக்கம்தான் போறானா, அவங்கம்மா வீட்டுப் பக்கமா?" என்று மகளிடம் கேட்டேன்.

"தோப்புக்குத்தான்ப்பா," என்றாள்.

உண்மையா பொய்யா என்று பார்த்துக்கொள்ள எனக்குக் கண் இல்லை.