உரலில் விட்ட கை

வெந்த அரிசியை உரலில் கொட்டியதும் முற்றமெல்லாம் ஆவி. புத்தாண்டுக்குச் செய்யும் மோச்சி என்ற அரிசிப் பலகாரத்துக்கு மாவு இடிக்க அக்கம்பக்கம் முழுக்க வந்திருந்தது. கென்சாகு மரச் சுத்தியலை ஓங்கி அடிக்க, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவன் மனைவி ஷிசுனோ ஈரக்கையை உள்ளே விட்டு மாவைப் புரட்டினாள். வருடத்தில் இந்த ஒரு காலை அவளுக்குப் பிடிக்கும். அவன் கையும் அவள் கையும் ஒரே தாளத்தில் போகும்.

அன்று விடியும்போதே அவன் குடித்திருந்தான். மிச்ச பாட்டிலை அவள் ஒளித்துவைத்திருந்தாள்.

"பாட்டில எங்கடி வெச்ச?" சிரித்த முகத்தோடு மெல்லக் கேட்டான்.

"மாவு ஆறுது, அடிங்க."

அவள் கையை எடுக்கும்முன்னே சுத்தியல் இறங்கியது. மூன்று விரல்கள் நசுங்கின. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"கைய எடுக்கத் தெரியல அவளுக்கு," என்றான். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். யாரோ பனித்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

அவன் தங்கை ஹருயோ அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ஓங்குமுன் அவன் கண் அந்தக் கையைப் பார்த்ததையும். வந்து சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

"நீ புரட்டுண்ணா. நான் அடிக்கிறேன்."

"உனக்கெதுக்கு இதெல்லாம்?"

"பயமா இருக்கா?"

நாலு பேர் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் அவன் மண்டியிட்டான்.

முதலில் நிதானமாக அடித்தாள். பிறகு வேகம் கூட்டினாள்.

"மெதுவாடீ."

"கைய எடுக்கத் தெரியலையாண்ணா உனக்கு?"

அடுத்த அடி அவன் நகத்தை உரசியது. பாய்ந்து எழுந்து அவள் முகத்தில் குத்தினான். ஹருயோ உரல் விளிம்பில் மோதி விழுந்தாள். வாயிலிருந்து ரத்தம். விழுந்தவளின் வயிற்றில் உதைத்தான். மறுபடி காலை ஓங்கியபோதுதான் இரண்டு ஆண்கள் அவனைப் பின்னாலிருந்து பிடித்தார்கள்.

ஷிசுனோ எழுந்தாள். வீங்கிய கையை மார்போடு அணைத்தபடி, இடது கையால் சுத்தியலைத் தூக்கி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அவனை அவள் பார்க்கவில்லை. மற்றவர்களைப் பார்த்தாள்.

"இந்தத் தடவ எல்லாரும் பாத்தீங்கல்ல?"

தூக்கிய சுத்தியலை அவள் இறக்கவில்லை. உரலுக்குள் ஆறிக்கொண்டிருந்த மாவில், கடைசி அடி விழுந்த குழி மெல்ல மெல்ல மூடிக்கொண்டிருந்தது.