நான்கு நாள் தங்கை

பிராகில் ஓர் அக்காவை வாங்க நாரே கொடுத்த விலை இரண்டே இரண்டு வயது. உள்ள வயது இருபத்து நான்கு. சொன்னது இருபத்திரண்டு. இவ்வளவு மலிவாக அவள் வாழ்க்கையில் எதையும் வாங்கியதில்லை.

ஐரோப்பாவில் ஒரு பருவம் படிக்க வரும் கொரியப் பிள்ளைகளுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. துணை தேடும் பக்கம். 'வெள்ளி முதல் பிராக், பிறகு வியன்னா. பெண் துணை தேவை. சாப்பாட்டுச் செலவு பாதிப் பாதி. போட்டோ நன்றாக எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.' கடைசி நிபந்தனைதான் முக்கியம். வழியில் போகிற வெள்ளைக்காரரிடம் போனைக் கொடுத்தால் காலை வெட்டிவிட்டு வானத்தை எடுத்துக் கொடுப்பார். நம் கால் நீளமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கற்பாலத்தில் மண்டி போட்டு, குப்புறப் படுத்து எடுக்க நம் ஊர்ப் பெண்ணால்தான் முடியும்.

அப்படித்தான் ஜெர்மனியின் லைப்சிக்கில் படிக்கும் நாரேயும் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் படிக்கும் யுன்ஹாவும் பிராக் ரயில் நிலையத்தில் சந்தித்தார்கள். இருவரும் இடுப்பு வளைய வணங்கிவிட்டு வாயைத் திறக்க முடியாமல் நின்றார்கள். கொரிய மொழியில் மரியாதை வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. யார் பெரியவள் என்று தெரியாமல் எந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது?

நாரேயின் அப்பா சோல் நகரத்துத் துணிச் சந்தையில் மொத்த வியாபாரம் செய்பவர். முதலில் எண்ணைச் சொன்னவன் தோற்றான் என்பது அந்த வீட்டில் தாய்ப்பாலோடு வந்த பாடம்.

"நீங்களே முதல்ல சொல்லுங்களேன்" என்றாள் நாரே.

"எனக்கு இருபத்து மூணு."

"அய்யோ, அப்ப நீங்க அக்கா! நான் இருபத்திரண்டு."

கணக்கு எளிது. காப்பி குடித்தால் பெரியவள்தான் காசு கொடுப்பாள். சின்னவள் "அக்கா, ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்று சொன்னால் போதும். பாதிப் பாதி என்று எழுதியதெல்லாம் யாருக்கு வயது எத்தனை என்று தெரியாதவரைக்கும்தான்.

ஆனால் நாரே எதிர்பார்த்தது காப்பி மட்டும்தான். யுன்ஹாவோ முழு அக்காவாக இறங்கிவிட்டாள்.

"ஏய், அந்தப் பெட்டிய இங்க குடுடி. இந்தக் கல்லு ரோட்டுல உன் சக்கரம் செத்துரும்."

"பரவால்லக்கா, நானே..."

"குடுங்கறேன்ல!"

வறுத்த பன்றிக்காலை வெட்டும்போது மொறுமொறுப்பான தோலெல்லாம் நாரேயின் தட்டுக்கு வந்தது. காலையில் கண் விழித்தால் தலைமாட்டில் சூடான ரொட்டி இருந்தது. மழை வந்தால் குடை நாரே பக்கம் சாய்ந்தது. யுன்ஹாவின் வலது தோள் நனைந்தது. பதிலுக்கு நாரே தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினாள். பாலத்தில் ஒருவன் விற்ற மரப்பொம்மையை யுன்ஹா ஆசையாகப் பார்த்தபோது, நாரே அவனோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டி, இரண்டு தடவை போவதாகப் போக்குக் காட்டி, பாதி விலைக்கு முடித்தாள்.

"உனக்கு வெட்கமே இல்லையாடி?"

"வெட்கப்பட்டா விலை ஏறிடும்க்கா."

யுன்ஹா சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன.

நாரே வீட்டில் மூத்தவள். கீழே மூன்று தம்பிகள். பிறந்ததிலிருந்து அக்கா, அக்கா என்று கூப்பிடப்பட்டே காது தேய்ந்தவள். தோல் பகுதி தம்பிகளுக்கு, எலும்பு இவளுக்கு. தலைமாட்டில் ரொட்டி வைக்க ஓர் ஆள் இருப்பது எப்படி இருக்கும் என்று இருபத்து நான்கு வயதில்தான் தெரிந்துகொண்டாள். இரண்டாம் நாளிலிருந்தே அவளுக்குக் காப்பிக் கணக்கு மறந்துபோனது. செந்நிறக் கூரைகளை மேலிருந்து பார்க்கும்போதும் அவள் மனம், இது கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமே என்பதில்தான் இருந்தது.

வியன்னாவில் கெட்டது.

விடுதி வரவேற்பில் இருந்த பெண் நல்லவள்தான். இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கி, திறந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கணினியில் தட்ட ஆரம்பித்தாள். யுன்ஹா சும்மா எட்டிப் பார்த்தாள். நாரேயின் போட்டோவைப் பார்த்துச் சிரிக்கத்தான் பார்த்திருப்பாள். சிரிப்பு பாதியில் நின்றது. பிறந்த வருடத்தை ஒரு தடவை பார்த்தாள். தன்னுடையதைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ண வேண்டிய அளவு பெரிய கணக்கு அல்ல.

 நாரே தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். கட்டிலில் உட்கார்ந்த பிறகு யுன்ஹா மெல்லக் கேட்டாள்.

"கீழ்க் கட்டில் உங்களுக்கு வேணுமா?"

உங்களுக்கு. காலை வரை அது 'உனக்கு' என்று இருந்தது.

"யுன்ஹாக்கா..."

"அக்கான்னு கூப்பிடாதீங்க. நாலு நாளா உங்கள டி போட்டுக் கூப்பிட்டிருக்கேன். எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என் தோல உரிச்சுருவாங்க." அவள் முகம் சிவந்திருந்தது. கோபமா, கூச்சமா என்று தெரியவில்லை. "ரோட்டுல வச்சு 'மூக்கத் தொடைடி'ன்னு வேற சொன்னேன்."

"மூக்கு ஒழுகத்தான செஞ்சுச்சு."

யுன்ஹா சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஓபரா, பாட்டாகவே நடக்கும் நாடகம். நின்றுகொண்டு பார்க்கும் மலிவுச் சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். கிராட்ஸிலிருந்து கிளம்பியபோதே யுன்ஹாவின் ஆசை அதுதான் என்பதால் இருவரும் போனார்கள். வரிசையில் ஒருவர் பின் ஒருவராக, வேறு வேறு வீட்டுக்காரர்கள் மாதிரி நின்றார்கள். துணை தேடும் பக்கத்துப் பழக்கம் நாரேக்குத் தெரியும். ஒத்துவராத துணையிடம் யாரும் சண்டை போடுவதில்லை. 'மீதிப் பயணம் நல்லா அமையட்டும்' என்று மரியாதையாக ஒரு வாக்கியம். அதோடு சரி, பிறகு யாரோ எவரோ. அந்த வாக்கியம் எப்போது வரும் என்று யுன்ஹாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் நாரே.

பொறுக்க முடியாமல் ஓடிப்போய் எதிர்க்கடையில் பாலாடைக்கட்டி வைத்த தொத்திறைச்சி இரண்டு வாங்கி வந்தாள். பெரியதை நீட்டினாள்.

யுன்ஹா வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும், மரியாதையாக. "எவ்வளவு ஆச்சு? பாதி தந்துடறேன்."

வராமல் இருந்த வாக்கியத்தைவிட இது மோசமாக இருந்தது. அப்பாவின் கடையில் பத்து வருட வாடிக்கையாளர் ஒருவர் பைசா பாக்கியில்லாமல் கொடுத்துத் தீர்த்த அன்று, அப்பா சாப்பிடவில்லை. போயிட்டான் என்று மட்டும் சொன்னார். அந்த ஆள் அதன் பிறகு கடைப் பக்கம் வரவே இல்லை.

"வேணாம்" என்றாள் நாரே. "நீ தராத. நான் வீட்டுல மூத்தவ யுன்ஹா. மூணு தம்பிங்க. என்னை யாரும் மூக்கத் தொடைன்னு சொன்னதே இல்ல. நான்தான் எல்லாருக்கும் தொடச்சு விட்டிருக்கேன். முதல் நாள் பொய் காப்பிக்குத்தான். ஆமா, அல்பம்தான். அதுக்கப்புறம் சொன்னா நீ பெட்டியக் கீழ வச்சிருவியேன்னு பயந்துட்டேன்."

யுன்ஹா மென்றுகொண்டே இருந்தாள். வரிசை இரண்டு அடி நகர்ந்தது.

"எங்க வீட்டுல நான் கடைசி" என்றாள் பிறகு. "காசு எடுத்தாலே 'நீ சும்மா இருடி'ம்பாங்க. பிராகுல முதல் தடவையா பில்லு என் கைக்கு வந்துச்சு. எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா? ஒரு கிழவிக்கு ரொட்டி வாங்கிக் குடுத்திருக்கேன்னு இப்பதான் தெரியுது."

"கிழவியா! ஒரே ஒரு வயசு!"

"ஒரு வயசுக்கு நம்ம ஊர்ல குனிஞ்சு கும்பிடணும்."

யுன்ஹாவின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. நாரேக்குப் பேரத்தின் வாசனை வந்தது. எதிராளி சிரித்தால் பேரம் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

"சரி. வியன்னாவுல மூணு நாள் இருக்கோம். பழையபடி நீயே அக்கா."

"முடியாது. நீங்கதான். எனக்கும் தோல் வேணும், ரொட்டி வேணும், பெட்டி தூக்க ஆள் வேணும்."

"ஒரு நாள் நான், ரெண்டு நாள் நீ."

"மூணு நாளும் நீங்க. இல்லேன்னா தொத்திறைச்சிக்குப் பாதிக் காசு இப்பவே வாங்கிக்குங்க."

எதிராளி சொன்ன விலைக்கே சந்தைக்காரர் மகள் ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. சீட்டு கிடைத்ததும் மாடிப்படியில் ஓடி, நல்ல இடமாகப் பார்த்து யுன்ஹாவின் கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கம்பியில் கட்டி இடம் பிடித்தாள்.

"இங்க நில்லுடி" என்றாள். "இங்கேருந்து நல்லாத் தெரியும். மூக்கத் தொடை."

"சரிக்கா."

திரை தூக்குவதற்கு முன் யுன்ஹா விரலை மடக்கினாள். பிராகில் அவள் அக்காவாக இருந்தது நான்கு நாள். வியன்னாவில் நாரே இருக்கப்போவது மூன்று. நாரே தர வேண்டிய பாக்கி, ஒரு நாள்.