தாழம்புதரில் இன்னொரு பந்து

ஜோடியாக வந்தால் பாதிக் கட்டணம் என்று அந்தக் கடற்கரை கோல்ஃப் மைதானம் அறிவித்திருந்தது. வழக்கமாகக் கூட வரும் பக்கத்துத் தோட்டத்து மனேஜருக்கு இடுப்புப் பிடிப்பு. அதனால் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை சுந்தரலிங்கம், தன் உதவி மனேஜரான சின்னத்துரை ரொமேஷை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு விடியுமுன் மாத்தளையிலிருந்து புறப்பட்டார்.

ரொமேஷின் தகுதிகாண் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது பெரிய துரையின் கையில் இருந்தது. வேலை போனால் பங்களாவும் போகும். ஆயுசெல்லாம் கொழுந்து பறித்து, தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறையில் கிடந்த அம்மா மரியாயி மறுபடி லயத்துக்கே போகவேண்டும்.

"சும்மா தோத்துக் குடுத்துராதீங்க," என்றார் துரை வழியில். "எனக்கு அது புடிக்காது."

"சரி சேர்."

"ஜெயிச்சாலும் புடிக்காது."

அவரே சிரித்தார். ரொமேஷுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாதிக் கட்டணத்துக்கு மட்டைப் பை தூக்க ஆள் தரமாட்டார்கள். இரண்டு பையையும் ரொமேஷே சுமந்தான். கடைசிக் குழி கடலோரம். ஒரு பக்கம் வெட்டிய புல், மறுபக்கம் பாறையில் உடையும் நீலம். இருவரும் சமநிலை. துரை ஓங்கி அடித்த பந்து காற்றில் வளைந்து தாழம்புதருக்குள் விழுந்தது. அது கிடைக்காவிட்டால் ஆட்டம் போய்விடும்.

ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். ரொமேஷின் சப்பாத்தருகே, மணலில் பாதி புதைந்து, துரை தன் பந்துகளுக்கு வைக்கும் சிவப்புப் புள்ளியோடு அது கிடந்தது. குனியப் போனான்.

"ஆ, கெடச்சிருச்சு!"

துரையின் காலடியில், நல்ல புல்லில், ஒரு பந்து. அதிலும் சிவப்புப் புள்ளி. அவருடைய காற்சட்டைப் பை உள்புறம் வெளியே தொங்கியது.

ரொமேஷ் சப்பாத்தை நகர்த்தி, மணலில் கிடந்ததை மிதித்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும். அம்மாவின் கொழுந்தை நிறுக்கும்போது எடை குறைத்துக் காட்டக் கணக்கப்பிள்ளை முழங்காலால் சாக்கைத் தாங்கிப் பிடிப்பது ஞாபகம் வந்தது.

"என்ன பார்க்கிறீங்க?" என்றார் துரை.

காலை எடுத்தான்.

"சேர், இங்கயும் ஒன்னு கெடக்கு."

துரை வந்து பார்த்தார். பிறகு இரண்டு பந்தையும் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

திரும்பும் வழியில் தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தவில்லை. ரொமேஷ் மனதுக்குள் சட்டிபானைகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.

சின்னத்துரை பங்களா வாசலில் ஜீப் நின்றது. எஞ்சினை அணைக்காமலே துரை சொன்னார்.

"உங்களை கன்ஃபர்ம் பண்ணி நாளைக்கு எழுதிடுறேன்."

"தேங்க்யூ சேர்."

"கோல்ஃபுக்கு மட்டும் இனிமே வேற ஆளைக் கூட்டிக்கிறேன்."