மேல் வீட்டுக்கு மட்டும் ஒரு பூட்டு

...அப்படியென்றால் நம் வீட்டுக் கதவு மட்டும் என்ன பாவம் செய்தது, அதற்கு ஏன் புதுப் பூட்டு கூடாது, மேல் வீட்டுக்கு மட்டும் வாங்கிட்டு வாங்க, நம்ம கதவுல கை வைக்காதீங்க என்று காலையில் மனைவி சொன்னதற்கு என்னதான் அர்த்தம் என்று பூட்டுக் கடையில் நின்றுகொண்டு அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, கடைக்காரர் இன்னொரு பூட்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்து, "சார், இதப் பாருங்க, இத உடைக்கவே முடியாது" என்றார். இதற்கு முன்னால் காட்டிய அத்தனை பூட்டுக்கும் இதையேதான் சொன்னார். உடைக்க முடியாத பூட்டு யாருக்கு வேண்டும்... குடியிருப்பவர் சாவியைத் தொலைத்துவிட்டு நடுராத்திரியில் வந்து நிற்கும்போது உடைக்கத்தானே வேண்டியிருக்கிறது, மாடி அறையில் இருந்த தூக்கக்காரன் மூன்று தடவை தொலைத்தானே, மூன்றாம் தடவை கதவு உடைந்தது, பூட்டு உடையவில்லை. வீட்டை வாடகைக்கு விடுகிறவனுக்கு வேண்டிய பூட்டே வேறு. குடியிருப்பவர் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும், ஆனால் விசுவாசம் மட்டும் வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும், அந்த மாதிரி பூட்டு இருக்கிறதா என்று கேட்டால் இந்த மனுஷன் என்ன நினைப்பார்? அவர் கேட்கவில்லை, பூட்டைக் கையில் எடுத்துக் கனம் பார்ப்பதுபோல் கொஞ்சம் ஆட்டிவிட்டுக் கீழே வைத்தார்.

கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, வழக்கமாக இந்த நேரத்தில் அது சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்குக் கொத்து வீட்டில் இருக்கிறது, மேல் வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்கள், திறந்து காட்ட வேண்டும், வைத்துவிட்டுப் போங்கள் என்று மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள். கொத்து இல்லாமல் வெளியே வந்தது பல்செட் இல்லாமல் வந்த மாதிரி இருந்தது. குடியிருப்பவர்கள் தனக்குச் சாவிக்கொத்து என்றே பெயர் வைத்திருப்பது அவருக்குத் தெரியும், ஜல் ஜல் என்று படியில் சத்தம் கேட்டதும் பின் வீட்டில் டிவி சத்தம் குறையும், மாடியில் குழாயை மூடுவார்கள், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. எத்தனை கதவு, எத்தனை பூட்டு, அத்தனைக்கும் ஒரு சாவி தன் இடுப்பில்... ஒருவர் காலி செய்துகொண்டு போனால் பூட்டை மாற்ற வேண்டும், போனவர் எத்தனை சாவி வெட்டி வைத்திருக்கிறாரோ யார் கண்டது, அது சரி, ஆனால் மாற்றுவது என்றால் புதிதாக வாங்குவது என்று எங்கே எழுதியிருக்கிறது? இருக்கிற பூட்டுகளையே இடம் மாற்றினால் அதுவும் மாற்றம்தானே? மேல் வீட்டுப் பூட்டைக் கழற்றிப் பின் வீட்டுக்கு, பின் வீட்டுப் பூட்டை மாடி அறைக்கு, மாடி அறைப் பூட்டை மேல் வீட்டுக்கு, ஒரு திருப்புளி, ஒரு மணி நேரம், முடிந்தது வேலை. எந்தப் பழைய சாவியும் அதனுடைய பழைய கதவைத் திறக்காது, இந்த யோசனை உலகத்தில் வேறு யாருக்காவது வந்திருக்குமா? பின் வீட்டு இன்ஷூரன்ஸ்காரர்தான் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நான் காலி பண்ணலையே சார், எனக்கு எதுக்குப் புதுச் சாவி என்பார். நீங்க பண்ணல, உங்க பூட்டு காலி பண்ணுது என்று இவர் சொல்வார். போன மாதம் மேல் வீட்டு நர்ஸம்மா காலி செய்தபோது அந்த மனுஷன் கதவை மறித்துக்கொண்டு, "இன்னொரு தடவ என் பூட்டத் தொட்டீங்கன்னா நானும் நர்ஸம்மா பின்னாலயே கிளம்பிடுவேன்" என்று சொல்லிவிட்டார். மாடி அறையும் கதவு உடைந்ததிலிருந்து பூட்டில்லாமல் பழைய சாமான் கிடங்காகிவிட்டது. அப்புறம் என்ன செய்வது, மிச்சம் இருந்தது ஒரே ஒரு கதவு.

தன் வீட்டுக் கதவு. அதில்தான் கோட்டை விட்டார். மேல் வீட்டுப் பூட்டு தன் கதவுக்கு வந்தது, தன் கதவுப் பூட்டு மேல் வீட்டுக்குப் போனது. திருப்புளியோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, என்ன பண்றீங்க என்று மனைவி கேட்டதற்கு, எண்ணெய் போடறேன் என்று சொல்லி வைத்தார், அதை ஏன் அப்படிச் சொன்னோம் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை, வாய் தானாக முந்திக்கொண்டது. ஒரு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. நேற்று அவள் தங்கை வீட்டுக்குப் போனாள், வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவள் நேற்றுப் பார்த்துத்தானா போக வேண்டும், இவர் கதவைப் பூட்டிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நண்பரின் அச்சகத்துக்குப் போய்விட்டார், அங்கே பின்கட்டில் கேரம் ஆட்டம். பைக்குள் போன் துடித்தது. அவசரம் என்றால் மறுபடி கூப்பிடுவாள் என்று இருந்தார். மறுபடியும் கூப்பிட்டாள், அப்போது பார்த்துச் சிவப்புக் காய் ஓரத்தில் வந்து நின்றுகொண்டு, போடு போடு என்றது... எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் உள்ளே விளக்கு எரிகிறது. பூட்டிவிட்டுப் போன வீட்டில் விளக்கு! சாவியை நீட்டுகிறார், சாவி துவாரத்துக்குப் போவதற்குள் கதவு உள்ளேயிருந்து திறக்கிறது, மனைவி நிற்கிறாள்.

"எப்படி உள்ள வந்த?"

"நர்ஸம்மா தெறந்து விட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை அவர்தான் துருவித் துருவி வாங்கினார். காலி செய்துபோன நர்ஸம்மா கைப்பையின் அடியில் ஒரு சாவி கிடந்ததைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள், மாடிப்படியில் இவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்னக்கா இங்க உட்கார்ந்திருக்கீங்க என்று பேச ஆரம்பித்து, போகிற போக்கில் சும்மா விளையாட்டாகச் சாவியைக் கதவில் விட்டுத் திருப்பியிருக்கிறாள், திறந்துவிட்டது. குட்டு வெளிப்பட்டுவிட்டது. எண்ணெய் போட்ட கதை உட்பட. இனி வீடு இரண்டாகப் போகிறது என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒன்றும் நடக்கவில்லை, அந்தச் சாவிய வாங்கி வச்சியா என்று கேட்டதற்கு அவள் அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை, இத்தனை வருஷத்தில் அவள் திட்டாமல் விட்ட குற்றம் ஒன்று உண்டா? துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கே அரைமணி நேரம் பேசுகிறவள். இந்த மௌனம்தான் அவருக்குப் பயமாக இருந்தது. காலையில் எழுந்ததும், புதுசா வர்றவங்களாவது புதுப் பூட்டோட வரட்டும், நல்ல நம்பிக்கையான பூட்டாப் பாத்து வாங்குங்க, ஆனா நம்ம கதவுல கை வைக்காதீங்க என்றாள். நம்ம கதவின் சாவிதானே வெளியே திரிகிறது? அங்கேதானே முதலில் கை வைக்க வேண்டும்?

"கைரேகைப் பூட்டு பாக்கறீங்களா சார்?" என்றார் கடைக்காரர். விரலை வைத்தால் திறக்குமாம். அப்படியானால் குடியிருப்பவர் காலி செய்யும்போது விரலைத் திருப்பி வாங்க முடியுமா... நம்பர் பூட்டு காட்டினார், நம்பரை மறந்தால் என்ன செய்வது, இவருக்குத் தன் கல்யாண நாளே வருஷா வருஷம் மறக்கிறது, அதையே நம்பராக வைத்தால் இரண்டு பக்கமும் ஆபத்து. செல்போனில் திறக்கிற பூட்டு காட்டினார், யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று உட்கார்ந்த இடத்தில் தெரியுமாம், அதைக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் நாக்கில் நீர் ஊறியது, கேரம் பலகை முன்னால் உட்கார்ந்துகொண்டே பின் வீட்டுக் கதவை... ஆனால் சார்ஜ் தீர்ந்துபோனால்? கடைசியில், பார்க்க எருமை மாதிரி இருந்த ஒரு சாதாரணப் பூட்டைத் தேர்ந்தெடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இதுலயே இன்னொண்ணு குடுங்க என்று வாய் மறுபடி முந்திக்கொண்டது.

"ரெண்டாவது எந்த வீட்டுக்கு சார்?"

"எங்க வீட்டுக்கு."

"மூணு சாவி வரும். வீட்ல எத்தன பேரு?"

"ரெண்டு பேரு. ஒரு சாவியே போதும், அது என்கிட்ட இருக்கும்."

"அப்ப அம்மா எங்கயாவது வெளிய போனா?"

"அவ எங்க போகப் போறா" என்று சொல்லிவிட்டு அவர் பூட்டைத் துணியால் துடைத்தார். கடைக்காரர் பையில் போட்டுக் கொடுத்தார், வியாபாரி, அவருக்கென்ன.

தெருவில் நடக்கும்போது பூட்டுகள் தொடையில் மோதிக்கொண்டே வந்தன. நம்ம கதவுல கை வைக்காதீங்க... ஒருவேளை நர்ஸம்மாவோடு சிநேகமாகிவிட்டாளோ, அவள் நினைத்த நேரத்தில் வந்து போகட்டும் என்று சாவியை அவளிடமே விட்டுவிட்டாளோ, நாம் பாட்டுக்கு மதியம் தூங்கிக்கொண்டிருக்க அவள் ஊசியோடு வந்து நின்றால்? அல்லது பயத்திலேயே இருக்கட்டும் இந்த ஆள் என்று தண்டனையா? அல்லது திருடன் வந்து இவர் சேர்த்து வைத்திருக்கிற பழைய குழாய், பழைய கீல், பழைய சுவிட்சு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகட்டும் என்ற நல்லெண்ணமா? இதுதான் பொருத்தமாக இருந்தது. எதுவானால் என்ன, மதியம் அவள் கண்ணசந்ததும் திருப்புளியை எடுத்து மாற்றிவிட வேண்டியதுதான். கேட்டால் எண்ணெய் போடறேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. உன் பாதுகாப்புக்குத்தான் பண்ணினேன் என்று சொல்லலாம், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, உன் பாதுகாப்பு... நடந்துகொண்டே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், எதிரே வந்த ஒரு அம்மாள் ஒதுங்கிப் போனாள்.

வாசலில் நின்று மணியை அழுத்தினார், வழக்கம்போல் ஒரு தடவை கனைத்தார். மணி அடிப்பதும் கனைப்பதும்தான் அவருடைய சாவி, அதற்குள் அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து திறந்துவிடுவாள், எத்தனை வருஷமாக... மறுபடி அழுத்தினார். குளிக்கிறாளோ. கதவைத் தள்ளினார், பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் கூடத்துச் சுவரில் ஆணியில் சாவிக்கொத்து தொங்குகிறது, சமர்த்தாக, ஆடாமல் அசையாமல். அப்படியானால் பூட்டியது எதை வைத்து? அந்தப் பூட்டுக்கு இவருக்குத் தெரிந்து இரண்டு சாவிதான், ஒன்று அந்தக் கொத்தில், இன்னொன்று நர்ஸம்மாவின்... நர்ஸம்மாவினுடையது இல்லை இப்போது. ஓ என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். ஓகோ. அதனால்தான் கை வைக்காதீங்க. பூட்டை மாற்றினால் அவளுடைய சாவி செத்துப்போகுமே, அவளுடைய முதல் சாவி.

பின் வீட்டு இன்ஷூரன்ஸ்காரர் எங்கிருந்துதான் வந்தாரோ, சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத மனுஷன், முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"என்ன சார், சாவி இல்லையா?"

"இருக்கு... உள்ள இருக்கு."

"அம்மா இப்பத்தான் பூட்டிட்டுப் போனாங்க. மேல் வீட்டப் பாக்க வந்தவங்க போன உடனே."

"எங்க போறான்னு சொன்னாளா?"

"கேட்டேன் சார். சும்மான்னாங்க."

"எப்ப வருவாளாம்?"

"அதையும் கேட்டேன். அதான் சாவி இருக்கே, எப்ப வேணா வருவேன்னாங்க."

சொல்லிவிட்டு அவர் தன் கதவைத் தன் சாவியால் திறந்துகொண்டு, திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார். இவர் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டார். அவசரம் என்றால் மறுபடி கூப்பிடுவார் என்று இருக்கிறாளோ... அந்த நினைப்பு எங்கேயோ கேட்ட குரலில் வந்தது, யார் குரல் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பையில் இரண்டு புதுப் பூட்டு, ஆறு புதுச் சாவி, ஊரில் எந்தக் கதவும் திறக்காது. பூட்டுக் கடைக்காரர் பார்த்தால் என்ன சொல்வார், உடைக்கவே முடியாது சார் என்பார். அவருக்குச் சிரிப்பு வந்தது, தனியாகச் சிரித்தால் பின் வீட்டில் கேட்கும் என்று அடக்கிக்கொண்டு மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். படி அகலம் போதவில்லை, முதுகைச் சாய்க்கவும் வழியில்லை, கம்பி குத்துகிறது, காலை நீட்டினால் போகிறவர் வருகிறவருக்கு இடைஞ்சல், இதைக் கட்டும்போதே இன்னும் கொஞ்சம் அகலமாகக் கட்டியிருக்கலாம், மேஸ்திரி சொன்னான், இவர்தான் கேட்கவில்லை. எதிரே தன் வீட்டுக் கதவைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பின் வீட்டுக்காரர் மறுபடி வெளியே வந்தால் என்ன சொல்வது, சும்மா காற்றாட உட்கார்ந்திருக்கிறேன் என்றா, இங்கே காற்று எங்கே இருக்கிறது, நேற்று அவள் என்ன சொல்லியிருப்பாள்... இதே படியில்தானே, இதே கம்பி முதுகில் குத்த, பையை மடியில் வைத்துக்கொண்டு. எப்படி உள்ள வந்த என்று கேட்டோம், அந்தச் சாவிய வாங்கி வச்சியா என்று கேட்டோம், சுற்றிச் சுற்றிச் சாவியைத்தான் கேட்டோம். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தே என்று அவளிடம் கேட்கவே இல்லையே?